வீட்டில் கட்டிய கார் நெடுநேரப் பந்தயத்தில் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு கணக்கோடு தொடங்குவோம். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும் தடம். உங்கள் கார் எதிராளியின் காரைவிடச் சுற்றுக்கு இரண்டு விநாடி வேகமானது. பழுது பார்க்க அரை மணி நேரம் பிட்டில் (தடத்தின் ஓரத்தில் காரை நிறுத்திப் பழுது பார்க்கும் இடம்) நின்றுவிடுகிறீர்கள். இழந்த 1,800 விநாடிகளை இரண்டிரண்டாகத் திரும்பப் பிடிக்க 900 சுற்றுகள் ஓட வேண்டும். அதாவது 30 மணி நேரம். 24 மணி நேரப் பந்தயம்கூட அதற்குப் போதாது. கேம்ஷாஃப்டை மாற்றி இன்னும் கொஞ்சம் குதிரைத் திறன் சேர்க்கலாமா என்று குளிர்காலம் முழுவதும் விவாதிக்கும் குழுக்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆகவே இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் கேட்கும் கேள்வி, ஓட்டுநர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதுதான். விடை மூன்றில் ஒன்று: உடனே இன்ஜினை அணை, இந்தச் சுற்றிலேயே உள்ளே வா, கவனித்துக்கொண்டே ஓட்டு. ரேடியோவில் இந்த மூன்றைத் தவிர வேறு சொல் தேவையில்லை. பழுதின் காரணத்தைப் பிட்டில் இருப்பவர்கள் யோசிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காரில் தொழிற்சாலை பூட்டிய பாகங்கள் பல ஆண்டுகள் தெருவில் ஓடித் தம்மை நிரூபித்தவை. நீங்கள் வெல்டிங் செய்த பிராக்கெட், நீங்கள் இழுத்த வயர், நீங்கள் திருப்பிவிட்ட ஹோஸ் ஆகியவை போன மாதம் பிறந்தவை. எந்த அறிகுறி வந்தாலும் முதல் சந்தேகம் உங்கள் கை பட்ட இடத்தின் மேல் விழட்டும். பந்தயத்துக்கு முன் தொட்ட இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பிட் சுவரில் ஒட்டி வைத்தால், நள்ளிரவில் தேடுகிறவருக்கு அதுவே வரைபடம்.

வெப்பநிலை முள் ஏறுகிறது

ஓட்டுநர் செய்ய வேண்டியது: முன்னே போகும் காரின் பின்னால் ஒட்டி ஓட்டுவதை நிறுத்தி, பக்கவாட்டில் விலகிக் காற்று வாங்க வேண்டும். ஒரு கியர் மேலே போட்டுச் சுழற்சியைக் குறைக்க வேண்டும். ஹீட்டரைப் பிடுங்கி எறியாமல் வைத்திருந்தால் அதை முழுதாகத் திறக்க வேண்டும். அது ஒரு சின்ன ரேடியேட்டர்; வெந்து போவது ஓட்டுநர்தான், ஆனால் இன்ஜின் பிழைக்கும். இரண்டு சுற்றுக்குள் முள் இறங்கவில்லை என்றால் உள்ளே.

பிட்டில் கேட்க வேண்டிய கேள்வி: எப்போது ஏறியது?

மஞ்சள் கொடியில் (தடத்தில் ஆபத்து, மெதுவாகப் போ என்ற எச்சரிக்கை) ஊர்ந்து போகும்போதோ பிட் பாதையிலோ ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால், குற்றவாளி மின்விசிறி. ஃபியூஸ், ரிலே, எர்த் என்ற வரிசையில் பாருங்கள். மின்விசிறி தலைகீழாகச் சுழல்கிறதா என்றும் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் வைத்துச் சோதியுங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். வயரை மாற்றிப் பூட்டியதால் காற்றை முன்னோக்கி ஊதும் மின்விசிறிகள் நிறைய உண்டு.

நேர்ப்பாதையில் முழு வேகத்தில் ஏறினால் வேறு கதை. மூக்கின் வழியே நுழையும் காற்று ரேடியேட்டரின் துடுப்புகளுக்குள் சிரமப்பட்டுப் போக விரும்பாது. பக்கவாட்டில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதன் வழியே ஓடிவிடும். அலுமினியத் தகடும் நுரைப்பட்டையும் வைத்து நான்கு பக்கமும் அடைப்பதுதான் பெரிய ரேடியேட்டர் வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை. உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். பானட்டின் பின் விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிட்டு, சூடு வெளியே போகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. முன்கண்ணாடியின் அடிப்பகுதி வேகத்தில் காற்றழுத்தம் மிகுந்த இடம். காற்று அங்கிருந்து உள்ளேதான் நுழையும். ரேடியேட்டர் வழியாக வரும் ஓட்டத்தை எதிர்த்துத் தள்ளும். கார் நிற்கும்போது மட்டுமே அது பயன்தரும். துளை வெட்டுவதென்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் நடுவில் வெட்டுங்கள்.

உயர் சுழற்சியில் மட்டும் ஏறுகிறதா? ஒருவரை இன்ஜினை உறுமவிடச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்பு உறிஞ்சும் வேகத்தில் பழைய ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே சுருள் கம்பி இருந்தால் அது துருப்பிடித்து உடைந்திருக்கலாம்.

அடுத்தது ரேடியேட்டரின் மூடி. யாரும் இதை மாற்றுவதில்லை. மிக மலிவான பாகம் என்பதாலேயே மதிப்பும் இல்லை. ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ரப்பர் தேய்ந்த மூடியில் அது 100-ஐத் தாண்டியதுமே கொதித்து வழிந்துவிடும். பல தடங்களில் கிளைக்கால் கலந்த கூலன்டுக்குத் தடை உண்டு. சிந்தினால் தரை வழுக்கும், எளிதில் காயாது. வெறும் தண்ணீரில் ஓடும் காருக்கு மூடியின் அழுத்தம்தான் ஒரே காப்பு. சூடாக இருக்கும்போது அதைத் திறக்காதீர்கள். குறைந்த தண்ணீரை நிரப்பும்போது இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் சிலிண்டர் ஹெட்டில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விழும்.

புல்வெளியில் இறங்கி வந்த காரா? ரேடியேட்டரின் முன்னால் புல்லும் பிளாஸ்டிக் உறையும் அப்பியிருக்கும். கையால் எடுத்துப் போட்டுவிட்டு அனுப்பலாம். இதுதான் இந்தப் பட்டியலிலேயே மகிழ்ச்சியான பழுது.

ஏறிய முள் திடீரென்று விழுந்துவிட்டது

உடனே இன்ஜினை அணை. பிட் வரை வரலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

அனுபவமில்லாத ஓட்டுநர் இங்கே “சரியாகிவிட்டது” என்று ரேடியோவில் சொல்வார். முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் அது காற்றில் தொங்கிக்கொண்டு குறைவாகக் காட்டும். இன்ஜின் அந்த நேரத்தில் வறண்டு வெந்துகொண்டிருக்கும். வெப்பநிலை முள்ளோடு, தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் எரியும் ஒரு சிவப்பு விளக்கையும் பொருத்தி வைப்பது நல்லது. ஹோஸ் கழன்ற கணத்திலேயே அது சொல்லிவிடும்.

தண்ணீர் எங்கே போனது என்று தேடும்போது நீங்கள் கை வைத்த கிளாம்பிலிருந்து தொடங்குங்கள். வெளியே ஒழுக்கு ஏதும் தெரியவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது, குளிர்ந்த இன்ஜினை இயக்கிய ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழிகள் வருகின்றன என்றால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. வாயுச் சோதனைத் திரவம் கையில் இருந்தால் அது நீலத்திலிருந்து மஞ்சளாக மாறி உறுதிசெய்யும். 24 மணி நேரப் பந்தயத்தில் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு மீண்டும் ஓடும் குழுக்கள் உண்டு. ஆனால் புதிய ஹெட் போல்டுகளும், டார்க் ரெஞ்சும், ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க நேர்விளிம்பும் இல்லாமல் அந்த வேலையில் இறங்குவது வீண். வளைந்த ஹெட் புதிய கேஸ்கெட்டையும் ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும்.

வளைவில் எண்ணெய் விளக்கு மினுக்குகிறது

நேர்ப்பாதையிலும் எரிந்தால் உடனே அணை. நீண்ட வளைவில் மட்டும் மினுக்கினால் அந்த வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இந்தச் சுற்றிலேயே உள்ளே வா.

தெருவில் ஓடும் கார் இவ்வளவு நேரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து திரும்புவதில்லை. வளைவில் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) இருக்கும் எண்ணெய் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. பேரிங்குகளுக்கும் கிராங்குக்கும் (இன்ஜினின் சுழலும் தண்டு) இடையே இருக்கும் எண்ணெய்ப் படலம் காணாமல் போக அந்தச் சில விநாடிகள் போதும். அன்றைக்குச் செய்யக்கூடியது, எண்ணெய் அளவுகோலின் மேல் கோட்டுக்கு மேல் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுவது. அதற்கு மேல் ஊற்றினால் கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும்; நுரையும் காற்றுதான். நிரந்தரத் தீர்வு, சம்ப்பைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடுகளும், குழாயை நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் வைப்பது.

சூடான இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது அழுத்தம் குறைவாகக் காட்டுவது நோயல்ல. நிமிடத்துக்கு 1,000 சுழற்சிக்குச் சுமார் 0.7 பார் என்ற பழைய கைக்கணக்கு இன்றும் உதவும். 6,000 சுழற்சியில் நான்கு பாருக்கு மேல் இருந்தால் அமைதியாக ஓட்டலாம்.

அழுத்தம் முழுதாக விழுந்து, காரின் அடியில் எண்ணெய் கொட்டியிருந்தால் நீங்கள் பூட்டிய அழுத்த சென்சாரைப் பாருங்கள். கனமான சென்சாரைப் பித்தளை இணைப்பின் நுனியில் நேராக இன்ஜினில் திருகிவிட்டால், அதிர்வில் பித்தளை சோர்ந்து முறியும். சென்சாரை இன்ஜின் அறையின் சுவரில் பொருத்தி, வளையும் குழாய் வழியே இணைக்க வேண்டும்.

வளைவிலிருந்து வெளியேறும்போது இன்ஜின் இருமுகிறது

கவனித்துக்கொண்டே ஓட்டு, ஆனால் எந்தப் பக்க வளைவு, டேங்கில் எவ்வளவு என்பதைச் சொல்லிக்கொண்டே வா.

இடப்பக்க வளைவுகளில் மட்டும், அதுவும் டேங்க் கால் பங்குக்குக் கீழே போன பிறகு என்றால், பெட்ரோல் வலப்பக்கம் ஒதுங்கிப் பம்பு வெறுங்காற்றை இழுக்கிறது. இன்று செய்யக்கூடியது ஒன்றுதான்: எரிபொருள் நிரப்பும் நேரத்தை முன்னுக்குத் தள்ளுவது. எத்தனை நிமிட ஓட்டத்துக்குப் பிறகு முதல் இருமல் வந்தது என்று குறித்துவைத்து, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அழையுங்கள். அடுத்த பந்தயத்துக்கு, பெரிய டேங்கிலிருந்து நிரம்பும் ஒரு லிட்டர் அளவுள்ள இடைத்தொட்டி ஒன்றைச் சேருங்கள். இன்ஜின் எப்போதும் அதிலிருந்து குடிக்கும்.

வளைவில் அல்லாமல் நீண்ட நேர்ப்பாதையின் இறுதியில் வேகம் செத்து, காலை எடுத்ததும் உயிர் வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பழைய டேங்கின் துரு, அல்லது டேங்குக்குள் அடைத்த நுரை உதிர்ந்து வந்த துகள். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் ஃபில்டரை விட்டுவிடுங்கள்; காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. நீங்கள் வண்ணம் பூசியபோது அதன் வாயில் ஒட்டிய நாடாவாகவும் இருக்கலாம்.

இன்ஜின் சட்டென்று நின்றது, ஆறியதும் ஓடுகிறது

நின்ற விதத்தை ஓட்டுநர் கவனித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. சுவிட்சை அணைத்தாற்போல் ஒரே கணத்தில் நின்றால் மின்சாரம். திக்கித் திணறி நின்றால் பெட்ரோல். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் தேடலை இங்கிருந்து தொடங்கலாம்.

மின்சாரமென்றால், ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது சுழற்சிமானியின் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது இலேசாகத் துள்ளும். அசையாமல் படுத்திருந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும் பாகங்களில் அது பேர் போனது. மேலே குளிர்ந்த நீரை ஊற்றி உடனே ஓடுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. உதிரிப் பெட்டியில் ஒன்று இல்லாமல் பந்தயத்துக்குப் போகாதீர்கள். அடுத்து இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்பின் ரிலே.

தடத்தின் ஓரக்கட்டையில் ஏறி இறங்கிய பின் நின்றதா? சில கார்களில் விபத்து நேர்ந்தால் பெட்ரோலை நிறுத்தும் அதிர்வு சுவிட்ச் இருக்கும். கட்டையில் விழுந்த அடியை விபத்து என்று அது நம்பிவிடும். ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. அது எங்கே இருக்கிறது என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இழுவை வண்டிக்குக் காத்திருப்பதைவிட அது மேல்.

எந்த விளக்கத்துக்கும் அடங்காத மின்கோளாறு வந்தால் இன்ஜினுக்கும் உடலுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். வண்ணம் பூசிய உலோகத்தின் மேல் போல்ட் வைத்து முறுக்கியிருப்பீர்கள். வழி கிடைக்காத மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிளின் வழியே திரும்பிப்போகும். கேபிள் சுட்டால் இதுதான் காரணம்.

பிரேக் மிதி சரியில்லை

பிரேக்கைப் பற்றிய எந்தப் புகாருக்கும் பதில் ஒன்றுதான்: இந்தச் சுற்றிலேயே உள்ளே வா. கவனித்துக்கொண்டே ஓட்டுவதற்கு இங்கே இடமில்லை. ஓட்டுநர் சொல்லும் வார்த்தையைக் கூர்ந்து கேளுங்கள். “பிரேக் பிடிக்கவில்லை” என்பது நான்கு வெவ்வேறு நோய்களுக்குப் பொதுப்பெயர்.

மிதி பஞ்சுபோல் இறங்குகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் சற்று எழுகிறது என்றால் திரவம் கொதித்துவிட்டது. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலைக்குக் குறைந்தபட்ச அளவு 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. ஆனால் இவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் இதே எண்கள் 140, 155, 180 என்று சரிகின்றன. போன பந்தயத்துக்கு மாற்றிய திரவம் இன்னும் புதிதுதான் என்று நினைக்க வேண்டாம். பிட்டில் காற்றெடுத்துப் புதுத் திரவம் விட்டால் ஓடலாம். வெப்பம் குறையாவிட்டால் மீண்டும் வரும். பிரேக்குக்குக் காற்றுக்குழாய் வைக்கும்போது டிஸ்கின் நடுப்பகுதிக்கு வையுங்கள், விளிம்புக்கு அல்ல. இரு முகங்களுக்கும் நடுவே காற்றுப்பாதை உள்ள டிஸ்க் மையத்திலிருந்து காற்றை இழுத்து வெளியே வீசும்படி அமைந்தது. மையத்துக்குக் கொடுத்தால் இரு முகமும் சமமாகக் குளிரும்.

மிதி உறுதியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்க மாட்டேன் என்கிறது. திரவம் நலம், பேடு (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) தன் வெப்ப வரம்பைத் தாண்டிவிட்டது. தெருவுக்கான பேடுகள் இரண்டாவது சுற்றிலேயே இப்படி ஆகும். உள்ளே வரும் வழியில் மெதுவாக ஓட்டி ஆற்றலாம்; தீர்வு பேடு மாற்றுவதுதான். மிதி கல்லாகவே ஆகிவிட்டால் பூஸ்டருக்குப் போகும் வெற்றிடக் குழாய் கழன்றிருக்கும்.

முதல் மிதி ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதி சரியாக இருக்கிறது. அதுவும் வளைவுகளுக்குப் பிறகு. இதைத் திரவக் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்காகக் காற்றெடுப்பவர்கள் உண்டு. சக்கர பேரிங் ஆடுவதால் டிஸ்க் சாய்ந்து, பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே வீணாகிறது. பேரிங்கைப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் உதறுகிறதா? டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. சூடான பேடு ஒரே இடத்தில் அழுத்தப்பட்டதால் அதன் பொருள் டிஸ்கில் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிட்டில் நிற்கும்போது ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்திருப்பதுதான் காரணம். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், காலை எடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேடின் தடிமனை அளந்து எழுதுங்கள். 12 மில்லிமீட்டரில் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒன்பதாகியிருந்தால், மணிக்கு ஒன்றரை மில்லிமீட்டர். நான்கில் நிறுத்துவதென்றால் இன்னும் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மெலிந்த பேடு வெப்பத்தைத் திரவத்துக்கு வேகமாகக் கடத்தும். ஆகவே கடைசி மில்லிமீட்டர் வரை இழுக்காதீர்கள். உள்பக்கப் பேடை அளக்க மறக்க வேண்டாம்; சறுக்கு ஊசி இறுகிய கேலிப்பரில் அதுதான் முதலில் முடியும்.

பேடு மாற்றிய பின், ஜாக்கியிலிருந்து இறக்கும் முன், மிதி எழும் வரை ஓட்டுநர் மிதிக்க வேண்டும். இதை மறந்து அனுப்பிய கார் பிட் பாதையின் முடிவில் நிற்காது.

அதிர்கிறது

தடத்தின் ஓட்டக்கோட்டை விட்டு விலகி மற்றவர்களுக்கு வழிவிட்டபின் வந்த அதிர்வு, டயரில் ஒட்டிய ரப்பர் துணுக்குகளால் வருவது. இரண்டு சுற்றில் போய்விடும். சறுக்கி நின்ற பின் வந்தால் டயரில் தட்டை விழுந்திருக்கிறது; சேற்றில் இறங்கிய பின் வந்தால் சக்கரத்தின் உள்ளே சேறு.

இவை எதுவும் இல்லாமல் வந்து, சுற்றுக்குச் சுற்று பெருகினால் மெதுவாக, உடனே, உள்ளே. சக்கர நட்டுகள் தளர்கின்றன. புதிதாக வண்ணம் பூசிய சக்கரம் ஹப்பில் உட்காரும் முகத்திலும் வண்ணம் இருந்தால், அது சூட்டில் நசுங்கி நட்டின் பிடியைத் தளர்த்தும். அழகுக்காகச் செய்த வேலை சக்கரத்தையே கழற்றிவிடும். முகத்தைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் சேரவிடுங்கள். எதிரெதிர் வரிசையில், டார்க் ரெஞ்சால், உங்கள் காருக்கு உரிய அளவில் முறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மீண்டும் பாருங்கள். ஒரு ஸ்டட் (நட்டு ஏறும் திருகாணி) முறிந்திருந்தால் அதே சக்கரத்தின் மற்ற ஸ்டட்களும் அதிகச் சுமை தாங்கிக் களைத்தவை. எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

அதிர்வோடு உறுமலும் கேட்டு, இடப்பக்கம் திரும்பும்போது அது பெருகினால் வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங். சுமை அங்கேதான் போகிறது. ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் இணைப்பு முனையைப் பாருங்கள். முன்சக்கர இயக்கமுள்ள காரில் திரும்பிக்கொண்டே வேகமெடுக்கும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்சில் மூட்டு. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வீசியிருப்பது சக்கரத்தின் உட்புறத்திலேயே தெரியும். சத்தம் சிறிதாக இருக்கும்வரை ஓட்டலாம்.

முக்கியமான எல்லா நட்டுகளிலும் நட்டையும் பிராக்கெட்டையும் சேர்த்து ஒரு வண்ணக்கோடு இழுத்துவையுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. ஸ்பானர் எடுக்காமலே விளக்கடித்துச் சோதித்துவிடலாம்.

இரவில் விளக்கு போட்டதும் இன்ஜின் தடுமாறுகிறது

ஓடும் இன்ஜினில் பேட்டரியின் இரு முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். 12.5-க்குக் கீழே போனால் ஆல்டர்னேட்டர் உழைக்கவில்லை, பேட்டரி தனியாகத் தாங்குகிறது. பகலில் அது தெரியாது. இரவில் கூடுதல் விளக்குகள், மின்விசிறி, பம்பு எல்லாம் சேர்ந்ததும் வோல்ட் சரிந்து இக்னிஷனும் இன்ஜெக்டர்களும் தடுமாறும். பெல்ட்டின் இறுக்கத்தை முதலில் பாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் பின்புற முனையில் உள்ள நட்டு. சைலன்சர் குழாய் அருகில் இருந்தால் அது வெந்தே செத்திருக்கும். இடையில் ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள். அதுவரை, விளக்குகளில் பாதியை அணைத்து, இன்னொரு பேட்டரியை மின்னேற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாற்றி ஓட்டலாம். அழகற்ற வழி, வேலை செய்யும்.

கில் சுவிட்சை அணைத்தும் இன்ஜின் நிற்கவில்லை

கில் சுவிட்ச் என்பது ஆபத்தில் காரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். பந்தயத்துக்கு முன் நடக்கும் சோதனையிலேயே உங்களைத் திருப்பி அனுப்பும் பழுது இது. பேட்டரியைத் துண்டித்தாலும் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் கொடுத்து இன்ஜினை ஓடவைக்கிறது. இரு முனை சுவிட்ச் போதாது. இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கும் கூடுதல் முனைகள் உள்ள சுவிட்ச் வேண்டும். வீட்டில் இன்ஜின் ஓடும்போதே அணைத்துச் சோதியுங்கள். அணைந்த இன்ஜினில் சோதித்து எதுவும் தெரியாது.

கிளட்ச், கியர்

சுழற்சி ஏறுகிறது, வேகம் ஏறவில்லை: கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டுநர் காலை மிதியில் ஓய்வாக வைத்திருக்கிறாரா, கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உயர் கியரில் மென்மையாக ஓட்டச் சொல்லுங்கள். மிதி தரையிலேயே கிடந்தால் திரவக்குழாய் சைலன்சருக்குப் பக்கத்தில் போகிறது. கிளட்ச் இல்லாமலும் ஓட்டலாம்: முதல் கியரில் போட்டு ஸ்டார்ட்டரை இயக்கிக் கிளம்பி, சுழற்சியைப் பொருத்திக் கியர் மாற்றுவது. கியர் தானே கழன்று வெளியே வந்தால், பெட்டியைத் திறக்கும் முன் இன்ஜின் தாங்கியைப் பாருங்கள். ரப்பர் கிழிந்து இன்ஜின் ஆடினால் லீவர் தானே நகரும்.

ஓட்டுநருக்குத் தலை வலிக்கிறது

உடனே உள்ளே, வேறொருவர் ஏறும் முன் காரைச் சோதிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, குமட்டல், கொட்டாவி, குழப்பமான ரேடியோ பேச்சு ஆகியவைதான் அடையாளம். வேகமாகப் போகும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்த இடம். அங்கே சுழலும் புகை, பின்விளக்குகளின் காணாமல்போன ரப்பர்கள், எடை குறைக்கக் கழற்றிய உள்தகடுகள், தரையில் மூடாத துளைகள் வழியே உள்ளே வருகிறது. துளைகளை உலோக நாடாவால் அடையுங்கள். சைலன்சர் முனையை உடலுக்கு வெளியே நீட்டுங்கள். குழாய் இணைப்புகளில் கரி படிந்த இடம் ஒழுக்கைக் காட்டிக்கொடுக்கும். பாதிக்கப்பட்டவரை மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அன்று அவர் மீண்டும் ஓட்டக் கூடாது.

வெப்பத்தால் வரும் தளர்ச்சி வேறு. சுற்று நேரம் ஒன்றிரண்டு விநாடி கூடி, ஒழுங்கின்றி ஏறி இறங்கினால் காரைத் தேடுவதற்கு முன் ஓட்டுநரிடம் பேசிப் பாருங்கள். குளிர்நீர்ச் சட்டை அணிந்திருந்தால் பெட்டியில் பனிக்கட்டி தீர்ந்திருக்கலாம். தீர்ந்தபின் அது வெந்நீரை உடம்பில் சுற்றவிடுகிறது. இணைப்பைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

எரிபொருள் நிரப்பியபின் இன்ஜின் இயங்கவில்லை

முதலில் கில் சுவிட்ச். நிரப்பும்போது யாரோ அணைத்திருப்பார், புதிதாக ஏறிய ஓட்டுநருக்குத் தெரியாது. பானட்டைத் திறப்பதற்கு முன் இதைப் பார்ப்பது குழுவின் மானத்தைக் காக்கும்.

அது சரியாக இருந்தால், காற்றோட்டம் நின்றதும் இன்ஜின் அறைக்குள் தேங்கிய சூடு. ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரின் சொலினாய்டு வெந்திருக்கிறது, அல்லது எர்த் போதவில்லை. விதி அனுமதித்தால் தள்ளுங்கள். சுழன்றும் பற்றவில்லை என்றால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி சுழற்றுங்கள். நனைந்த பிளக்குகள் காயும். அடுத்த முறை, உள்ளே வரும் சுற்றை உயர் கியரில் மெதுவாக ஓட்டிவரச் சொல்லுங்கள்.

கடைசி மணி நேரத்தில் ஒரு புதிய சத்தம்

பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், பெட்ரோல் வாசனை ஆகியவற்றோடு சம்பந்தப்பட்டதா? உள்ளே. கடைசி நிமிடமானாலும் உள்ளே.

இன்ஜினுக்குள்ளிருந்து சுழற்சியோடு சேர்ந்து கனமாகத் தட்டினால் ராடு பேரிங் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் பேரிங்). உறுமவிடாமல், பாதிச் சுழற்சியில், எண்ணெயை நிரப்பிக்கொண்டு ஊர்ந்தால் சில சமயம் தாங்கும். தாங்காவிட்டால் தடத்தில் எண்ணெய் கொட்டி, பின்னால் வரும் எல்லோரையும் வழுக்கவைக்கும். விதிப்புத்தகத்தைப் பாருங்கள்: சில போட்டிகளில் முடிவுக் கொடியைத் தன் சக்தியால் கடந்த கார்தான் முடித்ததாகக் கணக்கு. அப்படியென்றால் காரைப் பிட்டில் நிறுத்தி இன்ஜினை ஆறவிடுங்கள். ஒரு சுற்றுக்கான நேரமும் ஐந்து நிமிடமும் மீதமிருக்கும்போது மென்மையான காலுள்ள ஓட்டுநரை ஏற்றி, நேர்ப்பாதையின் ஓரமாகவே ஓட்டச் சொல்லி அனுப்புங்கள்.